ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியாச்சு, இஎம்ஐ ஏன் நகரவில்லை?

திண்டுக்கல்_வாசகன் | 9 ஜூன் 2025

பிப்ரவரியில் 25 புள்ளி (நூறு புள்ளி ஒரு சதவீதம்), ஏப்ரலில் 25, போன வெள்ளிக்கிழமை ஒரே வெட்டாக 50. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ 6.50லிருந்து 5.50க்கு வந்தாச்சு. டிவி முழுக்க "வீட்டுக்கடன்காரர்களுக்குக் கொண்டாட்டம்". பொதுத்துறை வங்கியில் 2017இல் வாங்கிய கடன், மாதப் பிடித்தத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஏற்றும்போது மட்டும் மறுநாளே ஏற்றுவார்கள். ரிசர்வ் வங்கி எது செய்தாலும் பாதியை வங்கிகள் விழுங்கிவிடுகின்றன என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பதிவேடு | 9 ஜூன் 2025, இரவு

பாதி மறுக்கிறேன். அதற்கு முன் கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை எடுத்து மூன்று இடம் பாருங்கள்.

வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது? 2010 ஜூலைக்கு முந்திய கடன் பிபிஎல்ஆர் என்ற வங்கியின் சொந்த அளவுகோல். 2016 மார்ச் வரை பேஸ் ரேட். 2016 ஏப்ரல் 1 முதல் எம்சிஎல்ஆர், அதாவது வங்கி தன் நிதிச் செலவை வைத்துக் கணக்கிடும் அளவுகோல். 2019 அக்டோபர் 1 முதல் தனிநபர் மிதவைக் கடன்களுக்கும் குறு, சிறு தொழில் கடன்களுக்கும் வெளி அளவுகோல், அதாவது இபிஎல்ஆர், பெரும்பாலும் ரெப்போ. உங்கள் 2017 கடனை நீங்களாகப் போய் மாற்றியிருந்தால் ஒழிய அது எம்சிஎல்ஆரில்தான் கிடக்கும்.

அடுத்து ரீசெட் தேதி. ஓராண்டு எம்சிஎல்ஆர் கடனுக்கு வருஷத்துக்கு ஒரு நாள்தான் வட்டி மாறும். அந்த நாள் நவம்பரில் இருந்தால் நவம்பர் வரை ரெப்போ பூஜ்யத்துக்குப் போனாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை.

கடைசியாக மீதித் தவணை எண்ணிக்கை. வட்டி குறைந்தால் பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தைத்தான் சுருக்கும். 30 லட்சம், 20 வருஷம், 9 சதவீதம் என்றால் இஎம்ஐ 26,992. வட்டி 8 ஆகி, அதே இஎம்ஐயைக் கட்டிவந்தால் 240 மாதம் 203 சொச்சமாகச் சுருங்கும். பிடித்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. இஎம்ஐ குறைய வேண்டுமா, காலம் குறைய வேண்டுமா என்று எழுதிக் கேளுங்கள். வட்டி ஏறும்போது இந்தத் தேர்வைக் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

ஓய்வு_மேலாளர் | 10 ஜூன் 2025

"ஏற்றும்போது மறுநாளே" என்பது எம்சிஎல்ஆர்காரர் சொல்லக்கூடிய குற்றச்சாட்டு இல்லை சார். 2022 மே 4ஆம் தேதி அட்டவணையில் இல்லாத கூட்டத்தில் 40, பிறகு 50, 50, 50, 35, 2023 பிப்ரவரியில் 25. மொத்தம் 250 புள்ளி. ரெப்போக் கடன்காரர்தான் அந்த 250ஐயும் சுடச்சுட வாங்கினார். எம்சிஎல்ஆரில் இருந்தவருக்குத் தாமதமாக வந்தது, குறைவாகவும் வந்தது. அப்போது இதே மாதிரி இழைகளில் "நான் நல்லவேளை மாறவில்லை" என்று எழுதியவர்கள் உண்டு.

திண்டுக்கல்_வாசகன் | 10 ஜூன் 2025

சரி. எம்சிஎல்ஆரில்தான் இருக்கிறது. ரீசெட் நவம்பர். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: ரெப்போ 100 இறங்கினால் எம்சிஎல்ஆர் ஏன் 100 இறங்காது? யார் தடுப்பது?

பதிவேடு | 11 ஜூன் 2025

யாரும் தடுப்பதில்லை, வங்கியின் பொறுப்புப் பக்கம், அதாவது அதற்குப் பணம் வந்த வழிதான் தடுக்கிறது. ஒரு வங்கியை நூறு ரூபாய்க்குச் சுருக்குகிறேன். எண்கள் உதாரணத்துக்கு, எந்த வங்கியின் கணக்கும் இல்லை.

பணம் வந்த வழி: மூலதனம் 8, நடப்புக் கணக்கு 7, சேமிப்புக் கணக்கு 25, எஃப்டி 52, வெளியில் வாங்கிய கடன் 8.

பணம் போன வழி: டெபாசிட்டில் ஒரு பங்காக ரிசர்வ் வங்கியில் கட்டாயம் வைக்க வேண்டிய சிஆர்ஆர் 3.40, அரசுப் பத்திரம் 24, கொடுத்த கடன் 66, மீதி 6.60 கைப்பணமும் கட்டடமும். கடன் 66இல் ரெப்போவோடு கட்டியது 40, எம்சிஎல்ஆர் 15, நிலை வட்டி 11 (நகைக்கடன், கார், பர்சனல் லோன்).

இப்போது எம்சிஎல்ஆர் சூத்திரம். நான்கு துண்டு: விளிம்பு நிதிச் செலவு (இன்று புதிதாகப் பணம் திரட்ட ஆகும் செலவு), சிஆர்ஆரில் தூங்கும் பணத்தின் இழப்பு, இயக்கச் செலவு, காலப் பிரீமியம் (நீண்ட காலத்துக்குச் சேர்க்கும் கூடுதல்). முதல் துண்டில் 92 சதவீத எடை டெபாசிட், கடன் வட்டிக்கு. 8 சதவீதம் மூலதனத்துக்கு எதிர்பார்க்கும் வருவாய்க்கு. இன்று புதிய டெபாசிட்டுக்கு என்ன வட்டி தருகிறாயோ அதை, கையில் இருக்கும் மொத்த இருப்பின் எடையோடு பெருக்க வேண்டும்.

ரெப்போ 1.00 இறங்கியது. வங்கி எஃப்டி வட்டியை 0.80 இறக்குகிறது என்று வையுங்கள், சேமிப்பை 0.20, வெளிக்கடன் முழு 1.00. மூலதனம் போக நிதி 92.
எஃப்டி: 52/92 × 0.80 = 0.45
சேமிப்பு: 25/92 × 0.20 = 0.05
வெளிக்கடன்: 8/92 × 1.00 = 0.09
நடப்புக் கணக்கு: ஏற்கெனவே பூஜ்யம், எங்கே இறக்க?
கூட்டினால் 0.59. அதற்கு 92 சதவீத எடை: 0.55 சொச்சம்.

சூத்திரத்தை அச்சுப்பிசகாமல் நேர்மையாகப் போட்டாலே ரெப்போவில் 100க்கு 55தான் எம்சிஎல்ஆருக்கு வரும். சேமிப்பு, நடப்புக் கணக்கு அதிகம் வைத்திருக்கும் வங்கியில் இன்னும் குறைவு. மலிவான டெபாசிட் நிறைய இருப்பது பலம் என்று பங்குச் சந்தைக்காரர்கள் கொண்டாடுவார்கள். எம்சிஎல்ஆர் கடன்காரருக்கு அதே பலம் வட்டி இறங்கும் காலத்தில் முட்டுக்கட்டை.

பதிவேடு | 11 ஜூன் 2025, பிற்சேர்க்கை

நேர்மையாகப் போட்டால் என்று எழுதியதில் ஒரு இடைச்செருகல். 2017இல் ஜனக் ராஜ் தலைமையிலான ரிசர்வ் வங்கி உள்குழு இதைத்தான் தோண்டியது. வங்கிகள் பேஸ் ரேட், எம்சிஎல்ஆர் கணக்கீட்டில் மனம்போனபடி விலகியிருப்பதைக் கண்டு எழுதியது. காலப் பிரீமியமும் ஸ்பிரெட்டும் (அளவுகோலுக்கு மேல் வங்கி சேர்க்கும் வட்டி) நீட்டிச் சுருக்க வசதியான இடங்கள். அந்த அறிக்கையின் வழியில் வந்ததுதான் 2019இன் வெளி அளவுகோல் கட்டாயம். ஆக உங்கள் கட்சிக்குக் கொஞ்சம் ஓட்டு உண்டு.

நூல்மில்_கணக்கர் | 12 ஜூன் 2025

அப்போ ரெப்போக் கடன் முழுசாக இறங்கும்போது வங்கிக்கு நஷ்டம்தானே? அதை எங்கே ஈடுகட்டுவான்? எங்கள் தலையிலா?

பதிவேடு | 13 ஜூன் 2025

அதே நூறு ரூபாய் வங்கி. முதல் மூன்று மாதம்: ரெப்போக் கடன் 40 ரூபாயில் ஆண்டுக்கு 40 பைசா வருமானம் போச்சு. எஃப்டியில் கால்வாசி, 13 ரூபாய்தான், முதிர்ந்து புது வட்டிக்கு வந்திருக்கும்: 10 பைசா மிச்சம். சேமிப்பில் 5, வெளிக்கடனில் 8. மொத்தம் 23. துண்டு விழுவது 17 பைசா. நிகர வட்டி வரம்பு (வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசம்) 3 ரூபாய் சுற்றி இருக்கும் வங்கிக்கு இது சின்ன அடி இல்லை.

ஓராண்டு கழித்து எஃப்டியில் ஐந்தில் நான்கு பங்கு புதுப்பித்திருக்கும்: 33 பைசா மிச்சம், கூட 5, 8. ஆக 46. வருமான இழப்பு 40உடன் எம்சிஎல்ஆர் கடனில் 8 சேர்ந்து 48. ஏறக்குறைய சமன். ஆகவே இது நிரந்தர நஷ்டம் இல்லை, கால இடைவெளி. கடன் மூன்று மாதத்தில் விலை மாறுகிறது, எஃப்டி ஒன்று முதல் மூன்று வருஷம் எடுக்கிறது.

இந்த இடைவெளி எல்லா வங்கிக்கும் ஒன்றல்ல. தனியார் வங்கிகளில் மிதவைக் கடனில் 80 சதவீதத்துக்கு மேல் வெளி அளவுகோலில் இருக்கிறது. பொதுத்துறையில் பாதி அளவுதான், எம்சிஎல்ஆர் இன்னும் கனமாக உட்கார்ந்திருக்கிறது. அதே 50 புள்ளி வெட்டில் தனியார் வங்கிக்கு முதல் காலாண்டிலேயே மூச்சு முட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஆமாம், கொஞ்சம் உங்கள் தலையில். பழைய கடனில் ஸ்பிரெட்டை நினைத்தபோது தொட முடியாது, புதுக் கடனில் தொடலாம். ரெப்போ + 2.65 என்று விளம்பரம் செய்தவன் ரெப்போ இறங்கியதும் புது வாடிக்கையாளருக்கு ரெப்போ + 2.90 போடுவான். சட்டப்படி குற்றமில்லை.

நூல்மில்_கணக்கர் | 13 ஜூன் 2025

சிசி கணக்கு, அதாவது தொழில் ஓட்டத்துக்கான கடன், வருஷா வருஷம் புதுப்பிக்கிறோமே, அப்போதும் போடுவானா?

ஓய்வு_மேலாளர் | 14 ஜூன் 2025

போட வழி உண்டு. விதி என்னவென்றால், ஸ்பிரெட்டில் கடன் அபாயப் பிரீமியம் (பணம் திரும்பாமல் போகலாம் என்பதற்காகச் சேர்ப்பது) நீங்கலான பகுதியை மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம். அபாயப் பிரீமியம் உங்கள் கடன் தரம் கணிசமாக மாறினால் மட்டும். புதுப்பிக்கும்போது வங்கி உங்களுக்குப் போடும் உள் ரேட்டிங் மறுபடி ஓடும். ஒரு படி இறங்கினால் 25 புள்ளி அங்கேயே போச்சு.

பெரும்பாலும் இறங்கும் இடங்கள்: நடப்பு விகிதம் (ஒரு வருஷத்துக்குள் கைக்கு வருவதற்கும் கட்ட வேண்டியதற்கும் உள்ள விகிதம்) 1.33க்குக் கீழே போயிருக்கும். 90 நாளுக்கு மேல் வராத பாக்கி டிராயிங் பவரில், அதாவது எடுக்கக்கூடிய தொகையில் சேராது, அதனால் கணக்கு வரம்பை ஒட்டியே ஓடும். ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் தாமதம். பங்குதாரரின் சொந்தப் பணம் வருஷக் கடைசியில் வெளியே போயிருக்கும். மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் மூடுவதற்கு முன் பாக்கியை வசூலித்து, வியாபாரக் கடனைக் குறைத்து மூடுங்கள். ரெப்போ வெட்டில் கிடைத்த 25ஐ ரேட்டிங்கில் விடுகிறவர்கள்தான் நிறைய.

பதிவேடு | 15 ஜூன் 2025

நேற்றிலிருந்து மனசில் ஓடுகிறது. திண்டுக்கல் நண்பர் "பாதியை விழுங்குகிறார்கள்" என்றாரே, அது ஒரு இடத்தில் அப்படியே பொருந்துகிறது. கடன்காரர் இடத்தில் இல்லை. 2022-23இல் ரெப்போ 250 ஏறியது. நாட்டின் மிகப் பெரிய வங்கியில் சேமிப்பு வட்டி 2.70இலேயே நின்றது. ரெப்போக் கடன் மீது முழு 250, சேமிப்புக் கணக்குக்காரருக்கு பூஜ்யம். அந்த வருஷங்களில் வங்கிகளின் வட்டி வரம்பு விரிந்ததற்கு இதுதான் பெரிய காரணம். இப்போது இறங்கும் திசையில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறார்கள். நட்டஈடு கடன்காரருக்கு, நட்டப்பட்டவர் டெபாசிட்காரர் என்பதுதான் வேடிக்கை.

சேமிப்பு வட்டியைத் தீர்மானிக்கும் உரிமை 2011 அக்டோபரிலேயே வங்கிகளுக்கு விடப்பட்டது. 14 வருஷம் ஆகியும் பெரிய வங்கிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒரே எண்ணில் நிற்கின்றன. ஒரு பெரிய வங்கி 2019 மேயில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சேமிப்பை ரெப்போவோடு கட்டிப் பார்த்தது. ஒரு வருஷம் கூட நிற்கவில்லை.

சந்தேகராமன் | 15 ஜூன் 2025

ரெப்போவை வைத்தே பேசுகிறீர்களே, ரெப்போ மாறாமலே வட்டி இறங்கிய கதை உண்டா?

பதிவேடு | 16 ஜூன் 2025

ஆஹா, உண்டு. நல்ல சோதனை அது. 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கம். ஐந்நூறும் ஆயிரமும் வங்கிக்குள் வெள்ளமாக வந்தது, எல்லாம் சேமிப்பிலும் நடப்புக் கணக்கிலும். டிசம்பர் 7 கூட்டத்தில் ரெப்போ 6.25இலேயே நின்றது, ஒரு புள்ளி குறையவில்லை. 2017 ஜனவரி 1 அன்று ஸ்டேட் வங்கி ஓராண்டு எம்சிஎல்ஆரை 8.90லிருந்து 8.00க்கு இறக்கியது. ஒரே நாளில் 90 புள்ளி! அதற்கு முந்திய இரண்டு வருஷத்தில் ரெப்போ 175 இறங்கியும் வராதது, மலிவு டெபாசிட் வந்ததும் வந்தது.

நடுவில் ரிசர்வ் வங்கி செய்த ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 16க்கும் நவம்பர் 11க்கும் இடையில் கூடிய டெபாசிட்டுக்கு 100 சதவீதம் சிஆர்ஆர் என்று கட்டிவைத்தது. டிசம்பர் 10ஆம் தேதி இருவாரம் தொடங்கியபோது அவிழ்த்துவிட்டது. அவிழ்த்த மூன்று வாரத்தில் 90 புள்ளி.

ஓய்வு_மேலாளர் | 16 ஜூன் 2025

ஆனால் அந்த 8.00க்குக் கடன் வாங்க எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

பதிவேடு | 18 ஜூன் 2025

எழுதுகிறேன், அதுதான் சொத்துப் பக்கக் கதை, அதாவது பணம் போன வழியின் கதை. 2015 ஜனவரியில் 8.00 இருந்த ரெப்போ 2017 ஆகஸ்டில் 6.00. அதே காலத்தில், ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது, 2015இல் சொத்துத் தர ஆய்வு நடந்தது. மறைத்து வைத்த வாராக்கடன் எல்லாம் வெளியே வந்தது. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது, பொதுத்துறையில் இன்னும் மேலே. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 அக்டோபரில் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் (பலவீனமான வங்கிக்கு ரிசர்வ் வங்கி போடும் கட்டுப்பாடு) போய் 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. மொத்தம் 11 பொதுத்துறை வங்கிகள் அந்த வளையத்தில்.

மூலதனம் தேய்ந்த வங்கி என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். மூலதனத் தேவை, பாதுகாப்புத் தட்டையும் சேர்த்து, 11.50 சதவீதம். ரேட்டிங் இல்லாத நிறுவனத்துக்கு 100 ரூபாய் கொடுத்தால் அபாய எடை (கடன் எவ்வளவு ஆபத்து என்பதற்கு வைத்த அளவு) 100, ஆக 11.50 மூலதனம் கட்டிப்போட வேண்டும். 35 எடையுள்ள வீட்டுக்கடனுக்கு 4 ரூபாய். அரசுப் பத்திரத்துக்குப் பூஜ்யம். மூலதனம் இல்லாதவன் எதை வாங்குவான்? பத்திரத்தை. ரெப்போவை இன்னும் 100 இறக்கினாலும் அதையேதான் வாங்குவான், இன்னும் சந்தோஷமாக. 2017 அக்டோபரில் அரசு 2.11 லட்சம் கோடி மறுமூலதனம் அறிவித்தது அதனால்தான். அதில் 1.35 லட்சம் கோடி பத்திரமாக வந்தது.

அபாய எடையைத் திருகினால் ரெப்போவைத் தொடாமலே கடனை இறுக்கலாம். 2023 நவம்பரில் பர்சனல் லோன், கார்டு எடையையும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களான என்பிஎஃப்சிகளுக்கு வங்கிகள் தரும் கடனின் எடையையும் ஏற்றினார்கள். ரெப்போ 6.50இல் உறங்கிக்கொண்டிருந்தது, என்பிஎஃப்சிகளுக்கு மட்டும் பணம் விலையேறியது. 2025 ஏப்ரலிலிருந்து என்பிஎஃப்சிக்கான கூடுதல் எடையை எடுத்துவிட்டார்கள்.

சந்தேகராமன் | 18 ஜூன் 2025

மூலதனம் இருந்தால் மட்டும் கொடுத்துவிடுவார்களா? 2020இல்?

பதிவேடு | 19 ஜூன் 2025

மாட்டார்கள். 2020 மே 22இல் ரெப்போ 4.00, ரிசர்வ் வங்கியில் பணத்தை நிறுத்தினால் வங்கிக்குக் கிடைக்கும் ரிவர்ஸ் ரெப்போ 3.35. கையில் வந்த பணத்தை வங்கிகள் 8 லட்சம் கோடி அளவுக்கு ரிசர்வ் வங்கியிலேயே தினமும் நிறுத்தின. சிறிய, நடுத்தர என்பிஎஃப்சிகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஏப்ரல் 23இல் 25,000 கோடிக்கு இலக்கு வைத்த ஏலம். வந்த கேட்பு 12,850 கோடி. ரெப்போ வட்டிக்கு மூன்று வருஷப் பணம் கொடுத்தும் பாதிதான் எடுத்தார்கள். பணத்தின் விலை தடையாக இல்லை. வாங்குபவன் திருப்பித் தருவானா என்ற பயம்தான் தடை, அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியது வங்கியின் பேலன்ஸ் ஷீட்.

நூல்மில்_கணக்கர் | 19 ஜூன் 2025

எங்கள் பக்கம் இதற்கு ஒரே பெயர்: வெயிலில் குடை. வெயிலில் தருவான், மழையில் பிடுங்கிக்கொள்வான்.

கொழும்பு_வாசி | 2 ஜூலை 2025

இலங்கைக் கதையையும் ஒரு வரி போடுகிறேன். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் 700 புள்ளி உயர்த்தியது. திறைசேரி உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டி பின்னர் 30 வீதத்தைத் தாண்டியது. 2023 ஜூனில் 250 புள்ளி குறைத்து, ஜூலையில் இன்னும் 200. ஆனால் கடன் வட்டி இறங்க மாட்டேன் என்று நின்றது. ஆகஸ்ட் மாதம் மத்திய வங்கி நேரடியாக உச்சவரம்பு ஆணை போட்டது: அடகுக்கு 18, கடனட்டைக்கு 28 வீதம் என்று. வங்கிகள் தரப்பில் சொன்ன காரணம் இங்கே பேசியதுதான்: உச்சத்தில் ஒரு வருடத்துக்கு எடுத்த நிலையான வைப்புகள் முதிரவில்லை. கூடவே அரசின் டொலர் பிணைமுறிகளில் எவ்வளவு வெட்டு விழும் என்று தெரியாத நிலை. அப்படி ஒரு ஓட்டை ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) இருக்கும்போது எவரும் வட்டியை முந்திக்கொண்டு இறக்கார்.

பதிவேடு | 3 ஜூலை 2025

அருமை. ஆணை போட்டு இறக்க வேண்டி வந்தது என்பதே இந்த இழைக்குப் போதுமான சாட்சி.

சந்தேகராமன் | 20 ஆகஸ்ட் 2025

பழைய இழையைத் தூசு தட்டுகிறேன். காலாண்டு முடிவுகளில் பல வங்கிகள் வட்டி வரம்பு குறைந்தது என்கின்றன, லாபம் மட்டும் விழவில்லை. 17 பைசா துண்டு என்று சொன்னீர்களே?

பதிவேடு | 21 ஆகஸ்ட் 2025

பத்திரம் காப்பாற்றியது. சொத்துப் பக்கம் 24 ரூபாய் பத்திரத்தில் 6 ரூபாய், விற்கத் தயாராக வைத்த ஏஎஃப்எஸ், வர்த்தகப் பெட்டிகளில் இருக்கிறது என்று வையுங்கள். டியூரேஷன் 5, அதாவது ஈட்டம் ஒரு சதவீதம் இறங்கினால் பத்திர விலை ஏறத்தாழ 5 சதவீதம் ஏறும். பத்தாண்டுப் பத்திர ஈட்டம் 0.40 இறங்கினால் 6 × 5 × 0.40 சதவீதம் = 12 பைசா லாபம். 17 பைசா துண்டு ஆண்டுக் கணக்கு. அந்த ஒரு காலாண்டுக்கு அதில் நாலில் ஒன்றுதான், 4 பைசா. பத்திர லாபமோ ஒரே அடியாக வரும்.

2024 ஏப்ரல் 1 முதல் முதலீட்டு விதி மாறியதையும் கவனியுங்கள். வர்த்தகப் பெட்டியில் விலை ஏறினால் நேரே லாப நட்டக் கணக்குக்கு வரும். ஏஎஃப்எஸ்ஸில் ஏறியது ஒதுக்கு நிதிக்குப் போய் மூலதனத்தில் சேரும், விற்றால்தான் லாபம். முதிர்வு வரை வைக்கும் ஹெச்டிஎம் பெட்டியிலிருந்து வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் விற்க ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும்.

ஆனால் இந்த ஊசி ஒருமுறைதான். ஜூன் 6இல் 50 வெட்டிய கையோடு நிலைப்பாட்டை "நடுநிலை" என்று மாற்றினார்கள். இனி வெட்டு இல்லை என்று சந்தை படித்துக்கொண்டது. நீண்டகாலப் பத்திர ஈட்டம் ஏறத் தொடங்கிவிட்டது. அடுத்த காலாண்டில் அந்தத் தலையணை இருக்காது, எஃப்டி புதுப்பிப்பு வேகத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஓய்வு_மேலாளர் | 21 ஆகஸ்ட் 2025

ஹெச்டிஎம் என்றதும் அமெரிக்காவில் விழுந்த சிலிக்கான் வேலி வங்கி ஞாபகம். 91 பில்லியன் டாலர் முதிர்வுப் பெட்டியில், அதில் 15 பில்லியன் பதிவேறாத நட்டம், மொத்த மூலதனமே 16 பில்லியன் சொச்சம். 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 42 பில்லியன் வெளியேறியது.

பதிவேடு | 22 ஆகஸ்ட் 2025

அதில் இந்தியாவுக்கு உறைக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று. அமெரிக்காவில் வீட்டுக்கடன் பெரும்பாலும் 30 வருஷ நிலை வட்டி. மத்திய வங்கி ஏற்றினால் பழைய கடன்காரருக்கு வலிக்காது. அந்தக் கடனையோ, அதை வைத்து எழுதிய பத்திரத்தையோ வைத்திருக்கும் வங்கிக்கு வலிக்கும். இங்கே மிதவை வட்டி, வலி கடன்காரருக்கு. இந்திய வங்கிகள் உறுதியாக நின்றதற்கு நிர்வாகத் திறமை மட்டும் காரணமில்லை, வட்டி அபாயத்தை உங்கள் இஎம்ஐயில் ஏற்றிவிட்டதும் காரணம்.

நம் ஊரில் இதற்கு விலக்கு நகைக்கடன். பன்னிரண்டு மாத நிலை வட்டி, கடைசியில் மொத்தமாகக் கட்டுவது. தமிழ்நாட்டுக் கிளைகளில் விவசாய நகைக்கடன் கனமான பங்கு. ரெப்போ வெட்டு அந்தக் கடன்காரரிடம் போய்ச் சேருவது மறு அடகு வைக்கும் நாளில்தான்.

சந்தேகராமன் | 8 செப்டம்பர் 2025

6ஆம் தேதி முதல் சிஆர்ஆர் 25 குறைய ஆரம்பித்துவிட்டது. நவம்பர் 29 வரை நான்கு தவணை, 4லிருந்து 3. இரண்டரை லட்சம் கோடி என்கிறார்கள். இப்போதாவது எம்சிஎல்ஆர்?

பதிவேடு | 9 செப்டம்பர் 2025

எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள். சிஆர்ஆருக்கு ரிசர்வ் வங்கி 2007லிருந்து வட்டி தருவதில்லை. நூறு ரூபாய் வங்கியில் டெபாசிட் 84, அதில் ஒரு சதவீதம் 84 பைசா விடுதலை. 5.50க்குப் போட்டால் வருஷத்துக்கு 5 பைசாவுக்குக் கொஞ்சம் குறைவு. எம்சிஎல்ஆர் சூத்திரம் வழியாகப் பார்த்தாலும் அதே அளவு: நிதிச் செலவு 6 என்றால், 4 சதவீத சிஆர்ஆரில் 6/0.96 = 6.25, சுமை 25 புள்ளி. 3 சதவீதத்தில் 6/0.97 = 6.19, சுமை 19. மிச்சம் 6 புள்ளி.

நேரடிப் பலன் 6 புள்ளி. மறைமுகப் பலன் பெரிது. வங்கி அமைப்பில் பணம் உபரியாக இருந்தால் பெரிய தொகை டெபாசிட்டுக்கும் டெபாசிட் சான்றிதழுக்கும் அடித்துக்கொள்ளத் தேவையில்லை, அந்த வட்டி முதலில் விழும். வங்கிகளுக்கிடையே ஓர் இரவுக் கடனுக்கான ஓவர்நைட் வட்டி ரெப்போவுக்குக் கீழே, 25 புள்ளி தாழ்ந்த எஸ்டிஎஃப் (உபரியை ரிசர்வ் வங்கியில் வைத்தால் கிடைக்கும் வட்டி) பக்கம் சாயும். ரெப்போ வெட்டு வேலை செய்ய இந்த உபரிதான் எண்ணெய்.

நூல்மில்_கணக்கர் | 9 செப்டம்பர் 2025

எஃப்டியை இன்னும் இறக்கினால் ஜனங்கள் தபால் ஆபீஸ் போய்விடுவார்கள். மூத்த குடிமக்கள் திட்டம் 8.2, பிபிஎஃப் 7.1.

பதிவேடு | 10 செப்டம்பர் 2025

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்த எண்கள் ரெப்போவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிபிஎஃப் 2020 ஏப்ரலிலிருந்து 7.1. ரெப்போ 4.00இல் இருந்தபோதும் 7.1, 6.50இல் இருந்தபோதும் 7.1. எஃப்டி வட்டிக்குக் கீழே தரை போட்டு வைத்திருப்பது அரசாங்கமே. ஒரு கை வெட்டுகிறது, இன்னொரு கை பிடித்துக்கொள்கிறது.

ஓய்வு_மேலாளர் | 1 அக்டோபர் 2025

புது அறிவிப்பு, பலர் கவனிக்கவில்லை. இன்று முதல் இபிஎல்ஆர் கடனில் அபாயப் பிரீமியம் தவிர்த்த ஸ்பிரெட்டை மூன்று வருஷம் ஆகுமுன்பே வங்கி குறைக்கலாம். ஏற்ற முடியாது, குறைக்கலாம். பழைய வாடிக்கையாளர் புதியவருக்குத் தரும் ஸ்பிரெட்டைக் காட்டி எழுதிக் கேட்க இப்போது வழி இருக்கிறது. "விதி இடம் தராது" என்று கிளையில் சொன்னால் அது பழைய பதில்.

திண்டுக்கல்_வாசகன் | 8 டிசம்பர் 2025

நவம்பர் ரீசெட் வந்தது. 9.35 இருந்தது 8.95 ஆனது. வெள்ளிக்கிழமை ரெப்போ 5.25. கிளையில் ரெப்போக் கடனுக்கு மாறினால் 8.20 என்கிறார்கள், கட்டணம் பாக்கியில் 0.25 சதவீதம் கூட ஜிஎஸ்டி. பாக்கி 18 லட்சம், 9 வருஷம் மீதி. மாறவா?

பதிவேடு | 8 டிசம்பர் 2025

கட்டணம் 4,500, ஜிஎஸ்டி 810, ஆக 5,310. வட்டி வித்தியாசம் 0.75: முதல் வருஷத்தில் 13,500 சொச்சம், மாதம் 1,125. ஐந்து மாதத்துக்குள் கட்டணம் திரும்பிவிடும். மாறுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் பார்க்க: ஒப்பந்தத்தில் ஸ்பிரெட் எவ்வளவு, அபாயப் பிரீமியம் தனியாகக் காட்டியிருக்கிறதா, ரீசெட் மூன்று மாதத்துக்கு ஒருமுறையா, அடுத்த ரீசெட் எந்தத் தேதி. வெள்ளிக்கிழமை வெட்டு அந்த 8.20க்குள் சேர்ந்துவிட்டதா, இனிமேல் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள்; 25 புள்ளி வாய்வார்த்தையில் காணாமல் போவது இங்கேதான். இஎம்ஐ குறைய வேண்டுமா, காலம் குறைய வேண்டுமா என்பதையும் படிவத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

ஓய்வு_மேலாளர் | 9 டிசம்பர் 2025

மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள். ரெப்போ திரும்பி ஏறினால்?

பதிவேடு | 9 டிசம்பர் 2025

ஏறினால் 100க்கு 100, மூன்று மாதத்துக்குள். எம்சிஎல்ஆரில் இருந்திருந்தால் அதே 55 சொச்சம், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை. இன்றைய 0.75 வித்தியாசம் கரைய ரெப்போ ஏறத்தாழ 165 புள்ளி ஏற வேண்டும். 9 வருஷத்தில் அது நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் அசலில் பெரும்பகுதி போயிருக்கும், அப்போது ஏறும் வட்டி சின்னத் தொகை மீதுதான் விழும். மிதவைக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதமும் கிடையாது.

வங்கிப் பக்கம்தான் இனி இறுக்கம். சேமிப்பு வட்டி 2.50க்கு வந்துவிட்டது, இன்னும் எவ்வளவு இறக்குவார்கள்? அடுத்த வெட்டு வந்தால் 40 ரூபாய்க் கடனில் முழுதாக இழப்பு, 32 ரூபாய் சேமிப்பு, நடப்புக் கணக்கில் ஈடுகட்ட ஒன்றுமில்லை. கடன் வேறு டெபாசிட்டை விட வேகமாக வளர்கிறது. புதுக் கடன் ஸ்பிரெட் ஏறும் என்றுதான் நினைக்கிறேன். மாறுகிறவர்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

நூல்மில்_கணக்கர் | 10 டிசம்பர் 2025

வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் வாங்கியவர்களுக்கு?

ஓய்வு_மேலாளர் | 10 டிசம்பர் 2025

அவர்களுக்கு இபிஎல்ஆர் கட்டாயம் பொருந்தாது. நிறுவனத்தின் சொந்த அளவுகோலான பிஎல்ஆர்தான். வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள், மாற்றுக் கட்டணம் கேட்பார்கள்; ஒரு வங்கியின் சாங்ஷன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.